மனித உரிமைகளுக்கு நாடாளுமன்றக் கூட்டுக் குழு: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
காவல் வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்காக வழக்காடும் வழக்கறிஞர்கள் சங்கம்,
மதுரை.

பெறுநர்:
1. மாண்புமிகு மக்களவைத் தலைவர் அவர்கள்,
2. மாண்புமிகு மாநிலங்களவைத் தலைவர் அவர்கள்,
நாடாளுமன்றம், புதுதில்லி.
(இரு அவைகளின் பொதுச் செயலாளர்கள் வழியாக)

பொருள்: மனித உரிமைகளுக்கென இரு அவைகளின் நிரந்தரக் கூட்டுக் குழுவை அமைத்தலும், அதன் பணி முறையையும் கூட்ட நடைமுறையையும் விதியாக வகுத்தலும் – கோருதல் தொடர்பாக.

பார்வை:
1. மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993 – பிரிவு 20.
2. மக்களவை நடைமுறை விதிகள் 259, 266, 267, 270.
3. மகளிர் அதிகாரமளித்தல் குழுவை அமைக்க 8.3.1996 அன்று இரு அவைகளும் நிறைவேற்றிய தீர்மானங்கள்.

மாண்புமிகு ஐயா,

காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தென் மாவட்ட நீதிமன்றங்களில் வழக்காடும் வழக்கறிஞர்கள் நாங்கள். எங்கள் கட்சிக்காரர்களின் மனுக்கள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போகின்றன. ஆணையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. அங்கே அதை எடுத்துப் படித்து, அரசிடம் கேள்வி கேட்க வேண்டிய பொறுப்பு எந்தக் குழுவுக்கும் தனியாகத் தரப்படவில்லை. இந்த மனுவின் அடிப்படைக் குறை இதுதான்.

இன்றைய நிலை

1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 20, ஆணையம் தன் ஆண்டறிக்கையையும் சிறப்பு அறிக்கைகளையும் மத்திய அரசிடம் அளிக்க வேண்டும் என்கிறது. எடுத்த நடவடிக்கைகளையும், ஏற்காத பரிந்துரைகளுக்கான காரணங்களையும் குறிப்பாக எழுதி, அரசு அவற்றை இரு அவைகளிலும் வைக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டமோ, ஆணைய அறிக்கையை மேல்நடவடிக்கைக் குறிப்புடன் ஆறு மாதத்துக்குள் அவையில் வைக்கக் கட்டளையிடுகிறது. ஒரு நிகழ்வுக்கென அமைக்கப்படும் ஆணையத்தின் அறிக்கைக்குக் கெடு உண்டு. நிரந்தர ஆணையத்தின் அறிக்கைக்குக் கெடு இல்லை.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலக் குழு அந்த மக்களுக்கான தேசிய ஆணையங்களின் அறிக்கைகளை ஆராய்கிறது. மகளிர் அதிகாரமளித்தல் குழு தேசிய மகளிர் ஆணையத்தின் அறிக்கைகளை ஆராய்கிறது. இவை இரண்டும் மக்களவையிலிருந்து 20 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் கொண்ட 30 பேர் குழுக்கள். மனித உரிமை ஆணையத்துக்கு இப்படி ஒரு குழு இல்லை. எனவே நாங்கள் கேட்பது புதுமையான ஏற்பாடு அல்ல. முன்மாதிரி தங்கள் அவைகளிலேயே இருக்கிறது.

உள்துறைக்கான நிலைக்குழு இருக்கிறதே என்று கேட்கப்படலாம். அந்தக் குழு மானியக் கோரிக்கைகள், எல்லைப் பாதுகாப்பு, மத்தியக் காவல் படைகள், பேரிடர் மேலாண்மை எனப் பெரும் பரப்பைச் சுமக்கிறது. அன்றாட நிர்வாக விஷயங்களைத் துறைசார் குழுக்கள் எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆணையத்துக்கு நிதியும் ஊழியரும் வழங்கும் அமைச்சகமே மத்தியக் காவல் படைகளையும் நிர்வகிக்கிறது என்பதால், அதற்கு வெளியே நின்று பார்க்கும் குழு ஒன்று தேவை.

குழு இல்லாததால் நேர்ந்த இழப்புக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறோம்.

ஒன்று, சித்திரவதைத் தடுப்பு மசோதா. ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 14.10.1997 அன்று கையெழுத்திட்டது. இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. அதற்கான மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. அந்தக் குழு அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கை தந்து கலைந்தது. 2014இல் 15ஆவது மக்களவை முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில் இதற்கு மீண்டும் ஒரு வரைவைத் தந்தது. நிரந்தரக் குழு ஒன்று இருந்திருந்தால், அந்த இரு அறிக்கைகளும் என்ன ஆயின என்று ஆண்டுதோறும் கேட்டிருக்கும்.

இரண்டு, தூத்துக்குடி. 22.5.2018 அன்று போராட்டக்காரர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டிலும் அதைத் தொடர்ந்தும் 13 பேர் உயிரிழந்தனர். தேசிய மனித உரிமை ஆணையம் தாமாக முன்வந்து விசாரித்து, அதே ஆண்டிலேயே வழக்கை முடித்துக்கொண்டது. அது சரியா, தவறா என்று இங்கே வாதிட நாங்கள் வரவில்லை. எந்த அளவுகோலின்படி முடித்தீர்கள் என்று ஆணையத்தை நேரில் அழைத்துக் கேட்க, அதற்கென்றே ஒரு குழு நாடாளுமன்றத்தில் இல்லை என்பதையே சுட்டிக்காட்டுகிறோம்.

ஆணையத்தின் செயல்பாடு உலக அளவிலும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையங்களை மதிப்பிடும் உலகக் கூட்டமைப்பு, நம் ஆணையத்தின் தரநிலை மீதான முடிவை 2023, 2024ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து ஒத்திவைத்தது. நாடாளுமன்றங்களும் மனித உரிமை ஆணையங்களும் எப்படி இணைந்து இயங்க வேண்டும் என்பதை 2012ஆம் ஆண்டின் பெல்கிரேடு கோட்பாடுகள் வகுத்துச் சொல்லியுள்ளன.

பிற நாட்டு அனுபவம்

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மனித உரிமைகளுக்கான கூட்டுக் குழு 2001 முதல் இயங்குகிறது. அவைக்கு ஆறு பேர் வீதம் 12 உறுப்பினர்கள். தாம் கொண்டுவரும் மசோதா மனித உரிமைகளோடு ஒத்துப்போகிறதா என்று அமைச்சர் அறிவிக்க வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. அந்த அறிவிப்பை அப்படியே ஏற்காமல் ஆராய்வது குழுவின் வழக்கமான வேலை. குழுவுக்குச் சொந்தமாகச் சட்ட ஆலோசகர்கள் உண்டு. விசாரணை தொடங்கும்போது பொதுமக்களிடம் எழுத்துமூலக் கருத்து கேட்கிறது. அமைச்சர்களும் அமைப்புகளும் சாட்சியம் தரும் அமர்வுகள் பொதுவாக வெளிப்படையாகவே நடக்கின்றன. உறுப்பினர்கள் தமக்குள் கலந்துபேசும் அமர்வு மட்டும் மூடிய அறையில் நடக்கிறது. நம் விதி 266, எல்லா அமர்வுகளும் தனிமையில் நடக்க வேண்டும் என்கிறது.

கோரிக்கைகள்

அமைப்பு:

1. இரு அவைகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி, 20 மக்களவை உறுப்பினர்களும் 10 மாநிலங்களவை உறுப்பினர்களும் கொண்ட மனித உரிமைகள் கூட்டுக் குழுவை அமைக்க வேண்டும். அமைச்சர்கள் இதில் உறுப்பினராகக் கூடாது.

2. பொதுக் கணக்குக் குழுவின் தலைமை 1967 முதல் எதிர்க்கட்சிக்குத் தரப்படுவதுபோல் இக்குழுவின் தலைமையும் எதிர்க்கட்சிக்குத் தரப்பட வேண்டும். ஆண்டுதோறும் கலைத்து அமைக்காமல், மக்களவையின் காலம் முழுவதும் குழு நீடிக்க வேண்டும்.

பணித்திட்டம்:

3. குழுவின் பணி மூன்றாகப் பகுக்கப்பட வேண்டும்: ஆணையத்தின் அறிக்கைகளை ஆராய்தல், தனிமனிதச் சுதந்திரத்தைத் தொடும் மசோதாக்கள் மீது விவாதத்துக்கு முன்பே குறிப்பு அளித்தல், உச்ச நீதிமன்ற உத்தரவுகளின் நிறைவேற்றத்தைக் கண்காணித்தல். காவல் நிலையங்களில் சிசிடிவி பொருத்த 2.12.2020 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

4. காவல்துறையும் சிறையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆதலால் மாநிலங்களின் தனித்தனி வழக்குகளைக் குழு விசாரிக்க வேண்டாம். மத்தியச் சட்டங்கள், மத்தியப் படைகள், தேசிய ஆணையத்தின் செயல்பாடு, நாடு முழுவதற்குமான உச்ச நீதிமன்ற உத்தரவுகள் என்ற எல்லைக்குள் அது நிற்கட்டும்.

கூட்டங்கள்:

5. ஆண்டின் கூட்ட அட்டவணை முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். கூட்டத்தொடர் நடக்காத மாதங்கள் உட்பட, மாதத்துக்கு இரண்டு அமர்வுகளேனும் நடக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் ஏழு நாள் முன்னதாக உறுப்பினர் கையில் இருக்க வேண்டும்.

6. விதி 259இன்படி மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 பேர் வந்தால் கோரம் நிறையும். அந்தப் பத்துப் பேரில் இரு அவையினரும், எதிர்க்கட்சியினர் ஒருவரேனும் இருக்க வேண்டும். வருகைப் பதிவும் நடவடிக்கைக் குறிப்பும் ஒவ்வொரு மாதமும் வெளியிடப்பட வேண்டும்.

7. விதி 266இல் திருத்தம் செய்து, அரசு அதிகாரிகளும் ஆணையமும் சாட்சியம் தரும் அமர்வுகளைப் பொதுமக்கள் காணச் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவருடைய அமர்வு மட்டும் மூடிய அறையில் நடக்கட்டும்.

8. விதி 267 தரும் அனுமதியைப் பயன்படுத்தி, ஆண்டுக்கு நான்கு அமர்வுகளைத் தில்லிக்கு வெளியே நடத்த வேண்டும்.

சாட்சிகள்:

9. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் எதில் மனு வந்தாலும் குழு பெற்றுக்கொள்ள வேண்டும். சாட்சி தன் தாய்மொழியில் பேச மொழிபெயர்ப்பாளர் தரப்பட வேண்டும். பயணப்படியும் வழங்க வேண்டும்.

10. குழுவின் சாட்சியை மிரட்டுவது அவை உரிமை மீறல் என்பது ஏற்கெனவே உள்ள நெறி. அழைப்பாணையிலேயே அதை அச்சிட்டு, சாட்சியின் ஊர்க் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்ப வேண்டும். எங்கள் கட்சிக்காரர்கள் பலர் பேசத் தயங்குவது ஊர் திரும்பிய பிறகு என்ன நடக்குமோ என்ற அச்சத்தால்தான்.

11. நாட்டின் பாதுகாப்பையோ நலனையோ காரணம் காட்டி ஆவணம் தர மறுக்க விதி 270 அரசுக்கு இடம் தருகிறது. அப்படி மறுக்கும்போது அமைச்சரே காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

அறிக்கைகள்:

12. ஆணையத்தின் அறிக்கை அரசுக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அவையில் வைக்கப்பட வேண்டும் எனப் பிரிவு 20இல் திருத்தம் கொண்டுவரக் குழு பரிந்துரைக்க வேண்டும்.

13. குழுவின் அறிக்கைக்கு மூன்று மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும். ஏற்காத பரிந்துரைகள் மீது ஆண்டுக்கு ஒரு நாள் இரு அவைகளிலும் விவாதம் நடக்க வேண்டும்.

இவற்றில் 1, 5, 9, 10 ஆகிய நான்கும் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாதவை. அவைகளின் தீர்மானமும் தங்கள் வழிகாட்டு உத்தரவும் போதும். அவற்றை வரும் கூட்டத்தொடரிலேயே எடுத்துக்கொள்ளுமாறும், மற்றவற்றை இரு அவைகளின் விதிகள் குழுக்களுக்கு அனுப்புமாறும், எங்கள் சங்கத்தின் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்குமாறும் பணிவன்புடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) தலைவர்
(ஒப்பம்) செயலாளர்

நகல்: தமிழ்நாட்டைச் சேர்ந்த இரு அவை உறுப்பினர்கள் அனைவருக்கும் – தங்கள் அவையில் இக்கோரிக்கையை எழுப்ப வேண்டி.