தலைமைக்கு ஒரு தூண்டுகோல்

பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் இன்று ஆண்களுக்கு இணையாகப் பெண்களும் பயில்கின்றனர். சில நாடுகளில் மாணவியரின் எண்ணிக்கையே அதிகம். அப்படியிருக்க, பெண்களுக்கென்று தனியாகத் தலைமைத்துவப் பயிற்சியும் வழிகாட்டித் திட்டமும் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதுதான். ஆனால், வகுப்பறையில் இடம் கிடைப்பது வேறு. தலைமைப் பொறுப்பில் இடம் கிடைப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டு மறைக்காமல் ஆராய்ந்தன. அவற்றின் அனுபவம் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடையளிக்கிறது.

நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1746-ஆம் ஆண்டில் தோன்றியது. எனினும், 1969-ஆம் ஆண்டில்தான் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 2001-ஆம் ஆண்டில் ஷெர்லி டில்மன் அதன் முதல் பெண் தலைவரானார். பல்கலைக்கழகத்தையே ஒரு பெண் வழிநடத்திய அக்காலத்தில், மாணவர் அமைப்புகளின் மிக உயர்ந்த பதவிகளில் மாணவியர் குறைவாகவே காணப்பட்டனர். இதன் காரணத்தை ஆராய அவர் 2009-ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தார். அரசியல் அறிவியல் அறிஞரான நேனர்ல் கியோஹேன் அக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் அறிக்கை 2011-ஆம் ஆண்டில் வெளியானது.

மாணவியரிடம் திறமை குறைவாக இருந்தது என்று அந்த அறிக்கை கூறவில்லை. அவர்கள் படிப்பில் சிறந்து விளங்கினர்; பொறுப்புகளையும் ஏற்றனர். ஆனால், பலர் முன்னால் நின்று வழிநடத்துவதைவிடத் திரைமறைவில் இருந்து உழைப்பதையே தேர்ந்தெடுத்தனர். தங்கள் திறமையைத் தாங்களே குறைத்து மதிப்பிட்டனர். தலைவர் பதவிக்குப் போட்டியிட எண்ணிய சிலருக்கு, அப்பதவி ஆண்களுக்கே பொருத்தமானது என்ற எண்ணத்தைச் சக மாணவர்களே ஏற்படுத்தினர். அதே அறிக்கை நம்பிக்கை தரும் வேறோர் உண்மையையும் எடுத்துக்காட்டியது. தாங்கள் மதிக்கும் ஒருவர் ஊக்கமளித்தபோது, தயங்கி நின்ற மாணவியர் முன்வந்தனர். அதனால்தான் மாணவியருக்கு வழிகாட்டிகள் தேவை என்று குழு பரிந்துரைத்தது.

கியோஹேனுக்கு இந்தப் பணி புதிதன்று. அவர் 1993 முதல் 2004 வரை வட கரோலைனா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். அங்கேயும் பெண்களின் நிலை பற்றி ஓர் ஆய்வை நடத்தச் செய்தார். அதன் அறிக்கை 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. படிப்பு, அழகு, உடற்கட்டு, நட்பு வட்டம் என எல்லாவற்றிலும் குறையின்றித் திகழ வேண்டும். ஆனால், அதற்காகப் பாடுபடுவது வெளியே தெரியவும் கூடாது என்ற அழுத்தத்தை அங்கிருந்த மாணவியர் உணர்ந்தனர். இப்படி வாழ்பவர் பிறரிடம் உதவி கேட்கமாட்டார். தோற்றுவிடுவோமோ என்று அஞ்சித் தேர்தலில் போட்டியிடவும் தயங்குவார்.

இந்த ஆய்வைத் தொடர்ந்து 2004-ஆம் ஆண்டில் பால்ட்வின் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் முதலாம் ஆண்டு மாணவியருள் 18 பேர் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பட்டம் பெறும்வரை அவர்கள் ஒரே குழுவாகத் தொடர்ந்தனர். சேர்ந்து கற்றனர், இரண்டாம் ஆண்டில் ஒரே விடுதியில் தங்கினர், பணியிடப் பயிற்சியும் பெற்றனர். திட்டத்தின் பெயரும் பொருத்தமானதே. டியூக்கில் முழுநேரப் பேராசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண், வரலாற்று அறிஞர் ஆலிஸ் மேரி பால்ட்வின். அங்கு 1930-இல் தொடங்கப்பட்ட மகளிர் கல்லூரியை 1947 வரை அவர் வழிநடத்தினார்.

இத்தகைய திட்டங்கள் பாராட்டுக்குரியவை. ஏனெனில், இவை பெண்களுக்குப் பதவியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. தேர்வில் மதிப்பெண்ணைக் கூட்டித் தரவுமில்லை. தனிமரம் தோப்பாகாது என்பதை உணர்ந்து, தயங்குபவருக்குத் துணை தருகின்றன. முன்பே அந்தப் பாதையில் நடந்தவர் தம் வெற்றியை மட்டுமன்றித் தோல்வியையும் பகிர்ந்துகொள்ளும்போது, தோல்வி வெட்கத்திற்குரியதன்று என்பது இளையவருக்குப் புரிகிறது. நீச்சலைப் பற்றிப் படிப்பது மட்டும் போதாது. நீரில் இறங்கும்போது கரையில் ஒருவர் நிற்பதும் தேவை. வழிகாட்டி செய்வது அதைத்தான்.

இதில் ஆண்களுக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்பது பொருந்தாது. ஒரு கூட்டத்தில் பாதிப்பேர் முன்வரத் தயங்கினால், அக்கூட்டம் தன் தலைவரை மீதிப் பாதியிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது. அதனால் ஏற்படும் இழப்பு பெண்களுக்கு மட்டும் உரியதன்று, அனைவருக்கும் உரியது.

ஆண்டுக்கு 18 பேருக்கு மட்டும் பயிற்சி அளித்தால் மாற்றம் வந்துவிடுமா என்ற கேள்வியில் உண்மை இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒரு சிறு குழு மட்டும் சூழலை முழுமையாக மாற்றிவிட முடியாது. ஆகவே, திட்டத்தைத் தொடங்கியதோடு கடமை முடிந்தது என்று நிருவாகங்கள் கருதக் கூடாது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு மன்றத்திலும் அந்த ஊக்கம் பரவ வேண்டும்.

அதற்குப் பல்கலைக்கழகம் செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைகளில் யார் தலைவராகிறார், யார் செயலாளராகிறார் என்பதை மாணவர்கள் கூர்ந்து கவனிக்கலாம். பிரின்ஸ்டனில் சக மாணவர்களின் பேச்சே சிலரைப் பின்வாங்க வைத்தது. அப்படியானால், சக மாணவர்களின் பேச்சால் ஒருவரை முன்வர வைக்கவும் முடியும். அடுத்த மன்றத் தேர்தலில், திறமை இருந்தும் அமைதியாக இருக்கும் ஒரு தோழியிடம், “நீ ஏன் தலைவர் பதவிக்குப் போட்டியிடக் கூடாது?” என்று கேட்பதற்குப் பணமோ பதவியோ தேவையில்லை. அக்கேள்வியை ஒரு மாணவியும் கேட்கலாம். ஒரு மாணவனும் கேட்கலாம்.