மூன்று நாள் அறை

புதுச்சேரியில் ஒரு பூட்டிக் ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினேன். கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில், தெருவோரம் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட பழைய வீடு அது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இந்தக் கால்வாய்தான் வெள்ளை நகரத்தையும் கறுப்பு நகரத்தையும் பிரித்தது. இன்று இரு கரையிலும் காபிக் கடைகள், கைத்தறிக் கடைகள், கேமராவோடு அலையும் கூட்டம். கறுப்பு நகரத்து வீடுகளுக்கும் மவுசு வந்துவிட்டது.

வரவேற்பறையில் இருந்த இளைஞர் என் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு, “சார் பின்னாடி வர்றாரா மேடம்?” என்றார். வரவில்லை என்றேன். அவருடைய எண்ணையாவது கொடுங்கள், பதிவேட்டில் வேண்டும் என்றார். மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதே குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. தனியாக வரும் ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கணவனின் எண் எதற்கு? கொடுக்க முடியாது என்றேன். சிரித்தபடி சாவியைத் தந்தார். இது எனக்குப் பழகிய அவமானம். நான் எழுத வந்தது வேறு.

எனக்குக் கொடுத்தது கொல்லைப்புற அறை. மற்ற அறைகளைவிட வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதல். கதவருகே பித்தளைப் பலகை: அந்தக் காலத்தில் இவ்வீட்டுப் பெண்கள் ஓய்வெடுத்த அறை. உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உருளியில் மிதக்கும் செவ்வந்தி. ஆனால் வாசல் தாழ்ந்திருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். சுவரில் ஒரேயொரு மாடக்குழி. வீட்டுக்குள் போக வழியே கிடையாது; ஒரே கதவு, அதுவும் கிணற்றைப் பார்த்து. குனிந்து நுழைந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பாட்டி வீட்டில் இதே அறை இருந்தது. அதன் பெயர் தூர அறை.

மாதம் மூன்று நாள் பாட்டி அங்கே இருந்தாள். ஒரு பாய், ஒரு சொம்பு, தனித் தட்டு. சோற்றை எட்ட நின்று போடுவார்கள். அம்மாவும் இருந்தாள், பரீட்சைக்கு அங்கிருந்தே படித்தாளாம். நான் வயதுக்கு வந்த வருஷம் வீட்டை விற்றுவிட்டார்கள். அதனால் தப்பித்தேன். எங்கள் பெண்களைத் தீட்டு என்று தள்ளி வைத்த இடத்தை இன்று ‘ஓய்வு’ என்று எழுதி, இரவுக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். ஊஞ்சலையும் முற்றத்தையும் காட்டி ‘பாட்டி வீட்டு நினைவு’ என்கிறார்கள். யாருடைய நினைவு? ஊஞ்சலில் ஆடியவர் தாத்தா. பாட்டியின் நினைவு புகையும் ஈரத்துணியும்தான்.

மறுநாள் காலை அறை சுத்தம் செய்ய ஓர் அக்கா வந்தார். அந்தப் பலகையைக் காட்டிக் கேட்டேன். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஓய்வா? தூரமானா ஒக்கார்ற ரூமுங்க. எங்க ஆயா இந்த மாதிரி ஒரு வீட்டுலதான் வேல பாத்துச்சு. அந்தத் துணியெல்லாம் அதுதான் தொவைக்கும். அதுக்கு இந்த ரூமும் கெடயாது. கொல்ல வாசலோட சரி.”

என் பாட்டி மூன்று நாள் வெளியே இருந்தாள். அவருடைய ஆயா முப்பது நாளும் வெளியே. என் பாட்டியின் துயரத்தை மட்டும் எழுதி முடித்திருந்தால், நானும் பித்தளைப் பலகை எழுதியவர் செய்ததையே செய்திருப்பேன்.

உட்காருங்கள் அக்கா என்றேன். மாட்டேன் என்று தலையசைத்தார். விருந்தினர் கண்ணில் படும்படி உட்காரக் கூடாதாம். காலை ஏழு முதல் மாலை நாலு வரை நிற்க வேண்டும். ஆறு கழிப்பறைகளைக் கழுவுகிறார்; அதில் ஒன்றையும் பயன்படுத்தக் கூடாது. வேலைக்காரர்களுக்கான கழிப்பறை அடுத்த தெருவில், முதலாளியின் இன்னொரு கட்டடத்தில். “மத்த நாள்ல சமாளிச்சுக்கலாம். அந்த மூணு நாள்தாங்க கஷ்டம்” என்றார். இந்தக் குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றேன். தாழ்வாரத்துக் கேமராவைக் கண்ணால் காட்டிவிட்டுப் போர்வையை மடிக்கத் தொடங்கினார்.

அறை மாறவில்லை. வெளியே நிற்கிறவரும் மாறவில்லை. தீட்டு என்று சொன்னவர்கள் இன்று ‘ஹோட்டல் ஸ்டாண்டர்ட்’ என்கிறார்கள்.

வேலையாவது கொடுக்கிறார்களே என்பார்கள். சம்பளம் கொடுத்தால் சிறுநீர் கழிக்கும் உரிமையை எடுத்துக்கொள்ளலாமா? கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் இதைத்தான் கேட்டார்கள். விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் புதுச்சேரி எல்லையில் நின்றுவிடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று உங்கள் ஊர் ஜவுளிக்கடையில் போய்ப் பாருங்கள்.

நீயும் பணம் கொடுத்துத் தங்கினவள்தானே என்று கேட்கலாம். ஆமாம், தங்கினேன். ஒரு பெண் தனியாக அறை எடுத்து, யாருக்கும் சமைக்காமல் பகலில் படுத்துக் கிடப்பது எனக்குப் பெரிய விஷயம். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் நான் படுத்திருக்க இன்னொருத்தி அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால், அது விடுதலை அல்ல. என் தாத்தாவின் ஊஞ்சலில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது விருந்தினர் பதிவேட்டில் மூன்று விஷயங்கள் எழுதினேன். பலகையில் உண்மையை எழுதுங்கள். வேலை செய்கிறவர்களுக்கு இதே வீட்டில் ஒரு கழிப்பறை ஒதுக்குங்கள். நாற்காலி போடுங்கள். மேலாளர் படித்துவிட்டு, “கண்டிப்பா பாக்கிறோம் மேடம்” என்றார்.

அடுத்த முறை இப்படி ஓர் இடத்துக்கு நீங்கள் போனால் கேளுங்கள்: அறை சுத்தம் செய்கிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள், எந்தக் கழிப்பறைக்குப் போகிறார்கள்? அவர்களை நிற்கவைத்துக் கேட்காதீர்கள், அவர்கள் வேலை போய்விடும். அறை பதிவு செய்வதற்கு முன்பே முதலாளியிடம் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.