கிளிநொச்சித் தாய்மாருக்கு நாம் யார்? வெளியாரா, உறவா?

தோழர்களே, தாய்மாரே,

கடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி ஆலயத்தின் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கூடும்போது, நமது சங்கத்தின் சார்பில் ஒரு பஸ்ஸில் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவோம் என்பதே அந்தத் தீர்மானம். கை தூக்கியவர்களை விடத் தலை குனிந்தவர்களே அதிகம். "நம்ம சம்பளப் பிரச்சினையே முடியல, நமக்கென்ன?" என்றார் ஒருவர். "அது வடக்கு ஆளுங்க சண்டை" என்றார் இன்னொருவர். "ஈரான்லயும் தான் சனம் றோட்டுல நிக்குது, அங்கயும் பஸ் போடுவமா?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த மூன்று பேச்சுக்கும் இங்கே பதில் எழுதுகிறோம். ஈரான் கேள்விக்கும் சேர்த்துத்தான்.

முதலில் "வடக்கு ஆளுங்க" யார் என்று பார்ப்போம். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் போன விடுமுறையில் கிளிநொச்சிக்குப் போனோம். கொட்டகையில் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா நம் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து, "எந்தத் தோட்டம் புள்ளைக?" என்று கேட்டார். 1977 கலவரத்தில் லயத்தை எரித்தபோது, சிறு பிள்ளையாய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தவர். 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைக் கையளித்தவர். அதன் பிறகு அவனைக் காணவில்லை.

இது ஒரு அம்மாவின் கதை மட்டுமா? 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் நம்மைத் தலைக் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தன. 1974 அளவில் தோட்டங்களில் பட்டினிச் சாவு வந்தது. 1977இல் நம்மை அடித்து விரட்டினார்கள். அப்போதெல்லாம் நம்மவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் இறங்கிய இடம் வவுனியாவும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும். காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள். அவர்களுக்குக் கை கொடுத்த காந்தியம் அமைப்பின் டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ட் பாம், டொலர் பாம் பக்கம் குடியேறியவர்களை 1984இல் துரத்தினார்கள். மிஞ்சியவர்கள் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் கிருஷ்ணபுரத்திலும் வேர் பிடித்தார்கள். முள்ளிவாய்க்கால் வரை ஓடியவர்களில் நம் பெரியம்மாவின் பிள்ளைகளும் சின்னையாவின் பிள்ளைகளும் இருந்தார்கள். காணாமல் போனவர்களின் படங்களில் நம் முகங்களும் இருக்கின்றன. இதை "வடக்கு ஆளுங்க சண்டை" என்று சொல்பவர், தன் வீட்டுச் சாவுக்குப் பக்கத்து வீட்டு முகவரியைக் கொடுக்கிறார்.

அடுத்தது, அந்தச் சனத்துக்கு வெளியார் செய்தது என்ன?

2008 செப்டம்பரில் அரசாங்கம் வெளியேறச் சொன்னதும் ஐக்கிய நாடுகள் சபை தன் வாகனங்களோடு கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டது. அலுவலக வாசலில் சனம் நின்று "போகாதீர்கள்" என்று மன்றாடியது. வாகனங்கள் போய்விட்டன. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று ஐ.நா.வே அமைத்த குழு 2012 நவம்பரில் அறிக்கை எழுதியது. நான்கு வருடம் கழித்து வந்த அந்தக் கடதாசியால் ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை.

சனத்தின் மேல் ஷெல் விழுந்த காலத்தில் அந்தப் போருக்கு அரசாங்கம் வைத்த பெயர் "மனிதாபிமான நடவடிக்கை". போர் முடிந்து பத்து நாள் கூட ஆகாத 2009 மே 27ஆம் திகதி, ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசாங்கத்தைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12. ஆதரித்தவர்களில் இந்தியாவும் சீனாவும் பாகிஸ்தானும் கியூபாவும் ஒரே வரிசையில் இருந்தன. எல்லையில் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் நாடுகள் கூட நம் சாவில் ஒன்றுபட்டன.

உள்ளேயிருந்த துவக்கையும் மறைக்க மாட்டோம். பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துப் போனதும், தப்பி ஓடிய சனத்தைச் சுட்டதும் புலிகள் செய்த குற்றம். அதை வெளிநாட்டிலிருந்து பார்த்துக் கைதட்டியவர்களின் பிள்ளைகள் பதுங்கு குழிக்குள் இருக்கவில்லை. மலையகத்திலும் நிலைமை வேறில்லை. நம் பெரிய கட்சிகளின் தலைவர்கள் அப்போது அமைச்சர் நாற்காலியில் இருந்தார்கள். சந்தா கட்டிய நாமும் வாய் திறக்கவில்லை. அந்த நாட்களில் நாமும் வெளியாராகத்தான் இருந்தோம்.

வேடிக்கை பார்ப்பவரை விட ஆபத்தான வெளியார் ஒருவர் உண்டு. தாயின் கண்ணீரைத் தன் வண்டிக்கு எண்ணெயாக ஊற்றிக்கொள்பவர் அவர். 1990 செப்டம்பரில் தெற்கின் சிங்களத் தாய்மாரின் முறைப்பாடுகளை ஜெனீவாவுக்குக் கொண்டுபோகப் புறப்பட்ட ஓர் எதிர்க்கட்சி எம்.பி.யிடமிருந்து அந்த ஆவணங்களை விமான நிலையத்தில் பொலிசார் பறித்தார்கள். தாய்மாருக்காக அன்று பேசியவரின் பெயர் மகிந்த ராஜபக்ச. 2009இல் அவர் ஜனாதிபதி. அன்று அந்தத் தாய்மார் கேட்ட அதே கேள்வியைத்தான் வன்னித் தாய்மார் இன்று கேட்கிறார்கள். அவருடைய தம்பி கோட்டாபய ஜனாதிபதியாக வந்து, 2020 ஜனவரியில் காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொல்லிக் கதையை முடிக்கப் பார்த்தார். 2022இல் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்று விலை பேசினார்கள். "காசு வேண்டாம், பிள்ளை எங்கே?" என்று தாய்மார் திருப்பிக் கேட்டார்கள். 2017 பெப்ரவரி 20 முதல் வெயிலிலும் மழையிலும் அவர்கள் கேட்பது அந்த ஒரே கேள்விதான். பதில் கிடைக்காமலே பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

இனிப் பின்வாங்கிலிருந்து வந்த ஈரான் கேள்வி.

ஈரான் நமக்குத் தூரமில்லை, தோழர்களே. நாம் பறிக்கும் கொழுந்து அங்கே போகிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை கொடுக்க வேண்டியிருந்த 25 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை என்பது கணக்கு. அந்தக் கடனை அட்டை கடித்த நம் கால்கள்தான் அடைக்கின்றன. நம்மிடம் யாரும் கேட்கவில்லை.

அங்கேயும் தாய்மார் இருக்கிறார்கள். 1988இல் ஈரான் அரசாங்கம் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைச் சிறையிலேயே கொன்றது. பலரைத் தெஹ்ரானுக்கு வெளியே காவரான் என்ற இடத்தில் பெயர்க் கல்லும் இல்லாமல் புதைத்தார்கள். அந்தத் தாய்மாரை "காவரான் தாய்மார்" என்பார்கள். அங்கே ஒரு பூ வைப்பதற்கும் அவர்களைப் பலமுறை தடுத்தார்கள். கொலைக்கு உத்தரவிட்ட குழுவில் இருந்தவர் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டிய இப்ராஹிம் ரைசி, ஜனாதிபதியாக 2024 ஏப்ரல் 24ஆம் திகதி இலங்கைக்கு வந்து உமா ஓயாத் திட்டத்தைத் திறந்துவைத்தார். பண்டாரவளைப் பக்கம் கிணறுகளை வற்ற வைத்து வீட்டுச் சுவர்களை வெடிக்க வைத்த சுரங்கம் அந்தத் திட்டத்தோடு வந்ததுதான். அதற்கு அடிக்கல் வைக்க 2008 ஏப்ரலில் இன்னொரு ஈரான் ஜனாதிபதி வந்தபோது வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது. அரசாங்கங்கள் ஒன்றையொன்று எவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கின்றன பாருங்கள்.

அங்கேயும் தோட்டத் தொழிலாளர் இருக்கிறார்கள். ஹஃப்த் தப்பே கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர்கள் தனியாருக்கு விற்கப்பட்ட நிறுவனத்தில் மாதக் கணக்காகச் சம்பளம் வராமல் 2018 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் தலைவர் இஸ்மாயில் பக்ஷியைப் பிடித்து அடைத்தார்கள். வெளியே வந்ததும் தன்னைச் சித்திரவதை செய்தார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். சொன்னதற்காக மறுபடியும் பிடித்தார்கள். 2022 செப்டம்பர் 16ஆம் திகதி மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண், முக்காடு சரியில்லை என்று பிடித்த பொலிசாரின் காவலில் இருந்த நிலையில் இறந்தார். "பெண், வாழ்வு, சுதந்திரம்" என்று ஊரூராக எழுந்தார்கள். அவர்களில் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் இருந்தார்கள்.

வெளியார் என்ன செய்தார்கள்? ஜெனீவாவில் விசாரணைத் தீர்மானம் வந்தபோது சீனாவும் பாகிஸ்தானும் கியூபாவும் எதிர்த்து வாக்களித்தன. இந்தியா ஒதுங்கிக்கொண்டது. ஈரான் பெண்களுக்காகக் கண்ணீர் விட்ட அமெரிக்காவோ காசாவில் விழுந்த குண்டுகளுக்குப் பணம் கொடுத்தது. 2025 ஜூன் 23ஆம் திகதி இஸ்ரேல் தெஹ்ரானின் எவின் சிறை மேல் குண்டு போட்டது. ஆட்சியை எதிர்த்தவர்களை அடைத்து வைத்திருந்த சிறை அது. விடுதலை என்று பெயர் சொல்லிக் கைதியின் தலையிலேயே குண்டு போட்டார்கள். "மனிதாபிமான நடவடிக்கை"யைப் பார்த்த வன்னிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு பக்கம் "அமெரிக்காவை எதிர்க்கிற ஆட்சி, அதனால் நல்ல ஆட்சி" என்பார்கள். மறுபக்கம் "கெட்ட ஆட்சி, அதனால் குண்டு போடலாம்" என்பார்கள். இரண்டு பேரும் அந்தத் தாயிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. நாம் ஆட்சியின் பக்கமும் இல்லை, குண்டின் பக்கமும் இல்லை. அந்தக் கரும்புத் தொழிலாளியின் பக்கம், படத்தைப் பிடித்திருக்கும் தாயின் பக்கம்.

கடைசியாகச் சம்பளம். 2018 அக்டோபர் 24ஆம் திகதி ஆயிரம் ரூபா கேட்டு நம் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடியபோது, "தோட்டத்து ஆளுங்க சண்டை, நமக்கென்ன" என்று மற்றவர்கள் சொன்னால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? வடக்கில் அப்படிச் சொல்லாமல் நமக்காகப் பதாகை பிடித்தவர்கள் இருந்தார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தபோது மன்னார்ச் சனமும் சேர்ந்து நடந்தது. தனியாக நின்றால் துரை நம்மைத் தனித்தனியாகத்தான் எண்ணுவார். கேட்ட கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுகிற கணக்குப் புத்தகமும், காணாமல் போனவனை இறந்தவன் என்று எழுதச் சொல்கிற புத்தகமும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை வைக்கிறோம்.

ஒன்று, பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக்குப் போவோம். தாய்மாரின் சங்கத்திடம் முதலில் கேட்டுவிட்டே போவோம். கட்சிக் கொடி கொண்டுபோக மாட்டோம். ஒலிவாங்கியை நாம் பிடிக்க மாட்டோம், அது அவர்களுடையது. தலைவர்மார் முன்வரிசையில் நின்று படம் எடுப்பதானால் பஸ்ஸில் இடமில்லை. திரும்பி வந்து கேட்டதை லயம் லயமாகச் சொல்வோம்.

இரண்டு, ஈரானில் சிறையிலிருக்கும் தொழிற்சங்கத் தோழர்களையும் ஆசிரியர்களையும் விடுதலை செய்யக் கோரி ஒரு கடிதம் எழுதி, கைநாட்டும் கையெழுத்துமாகக் கொழும்பிலுள்ள ஈரான் தூதரகத்துக்கு அனுப்புவோம். ஒரு கடிதத்தால் சிறைக்கதவு திறக்காது என்று தெரியும். ஆனால் அவர்கள் குடிக்கும் தேயிலையைப் பறித்தவர்களிடமிருந்து அது போகட்டும்.

அந்த அம்மா நாங்கள் புறப்படும்போது, "அடுத்த தடவ வரும்போது நம்ம தோட்டத்து ஆளுங்களயும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். வருவோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

கூட்டத்துக்கு வாருங்கள். கையைத் தூக்குங்கள்.