பேரிங் தேஞ்சதா, தேய்ச்சீங்களா?

ஏப்ரல் 15 வந்தா நம்ம கிழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் 61 நாள். விசைப்படகுகளைக் கரையேத்தி பெயிண்ட், பலகை, இஞ்சின்னு எல்லா வேலையும் நடக்கும். அப்பதான் புரொப்பல்லர் ஷாஃப்ட் பேரிங்கையும் மாத்துவாங்க. அங்கதான் எனக்கு ஒரு வருத்தம். பழசைக் கழட்டி குப்பையில வீசுறாங்க, அது ஏன் தேஞ்சதுன்னு பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி.

(ரப்பர் பேரிங் போட்ட படகுகளைத்தான் சொல்றேன்.) வெளியே பித்தளைக் குழாய், உள்ளே நீளவாக்குல பள்ளம் வெட்டின ரப்பர், அவ்வளவுதான். எண்ணெயும் வேணாம், கிரீஸும் வேணாம். பள்ளத்துல ஓடுற கடல் தண்ணிதான் மசகு, மணலையும் அதுவே தள்ளிட்டுப் போயிடும். 1850கள்லேர்ந்து கப்பல்கள்ல லிக்னம் வைட்டேன்னு ஒரு கெட்டி மரத்தைப் போட்டாங்க. அதுக்கும் தண்ணிதான்!

புரொப்பல்லர் பக்கத்துல ஷாஃப்ட்டைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. விட்டத்துல பதினாறுல ஒரு பங்குக்கு மேல ஆடினா மாத்தணும்னு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. 2 இன்ச் ஷாஃப்ட்னா ஒரு நூல்.

கழட்டின பேரிங்கை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. முன்னாடி ஒரு பக்கம், பின்னாடி அதுக்கு எதிர்ப்பக்கம்னு தேஞ்சிருந்தா இஞ்சினும் ஷாஃப்ட்டும் நேர்கோட்டுல இல்ல. சுத்தி எல்லாப் பக்கமும் சீக்கிரமே தேஞ்சிருந்தா மணலா இருக்கலாம், வளைஞ்ச ஷாஃப்ட், அடிபட்ட இலையாவும் இருக்கலாம். இதைச் சரி பண்ணாம புதுசு போட்டா அதுவும் அதே கதிதான். ஷாஃப்ட்டுல பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படியே.

புதுசை சுத்தியலால அடிச்சு இறக்குறது இன்னொரு கொடுமை. ராத்திரி ஐஸ் பெட்டியில வச்சா பித்தளை கொஞ்சம் சுருங்கும், காலையில நோகாம இறங்கும். (மீன் தொழில்ல ஐஸுக்கா பஞ்சம்?)

முக்கியமான வேலை படகு தண்ணியில இறங்கின பிறகுதான். கரையில இருக்கிற உருவம் வேற, மிதக்கும்போது வேற, மரப்படகுல கேக்கவே வேணாம். மிதக்கும்போது கப்ளிங்கைத் திறந்து சுத்தி இடைவெளி பாக்கணும். கப்ளிங் விட்டத்துல ஒவ்வொரு இன்ச்சுக்கும் ஆயிரத்துல ஒரு இன்ச்சுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது.

இதுக்குத்தான் யாரும் நேரம் குடுக்கிறதில்ல. ஷாஃப்ட் ஆட்டத்தோடவே ஓடினா கிளாண்ட் பேக்கிங் தளர்ந்து தண்ணி உள்ளே வரும், அதுவும் கரையிலேர்ந்து எவ்வளவோ தூரத்துல, உள்ளே ஆளுங்களோட. தடை முடியிற அன்னிக்கு ராத்திரியே கிளம்பணும்னு அவசரப்படுற ஓனர்களே, ரெண்டு நாள் முன்னாடியே படகை இறக்கி, மெக்கானிக்குக்கு ஒரு காலைப் பொழுது குடுங்க.