டீயை நிறுத்தினா கடன் அடையுமாண்ணே?

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்து இலைக்காரர் ஒருத்தர் ஆரம்பிச்சாரு. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு கடன் ஏன் வருது தெரியுமா தம்பி? தினம் ரெண்டு டீ, ஒரு வடை, வாரம் ஒரு ஓட்டல். இதை நிறுத்திட்டு, சாயங்காலம் சும்மா இருக்கற நேரத்துல ஒரு வேலை பாத்தா ரெண்டு வருஷத்துல கடன் க்ளோஸ்!" சொல்லிட்டு ரெண்டாவது தடவையா பாயாசம் கேட்டாரு. நானும் தலையாட்டிட்டு ரசத்துக்குப் போயிட்டேன். பந்தியில சண்டை போடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லித்தான் வளத்தாங்க.

ஆனா வீட்டுக்கு வந்தும் ஆறலைங்க. நம்ம பதிவர்கள்லயும் நாலு பேரு இதையே எழுதியாச்சு. "கடனை அடைக்க பத்து வழிகள்"ல முதல் வழி சிக்கனம், ரெண்டாவது வழி பகுதி நேர வேலை. கேட்க நல்லாத்தான் இருக்கு. நானும் அதை நம்பி ஆறு மாசம் குடும்பத்தையே வதைச்சவன். அதனால எனக்குக் கோபப்பட உரிமை இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி என் வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏத்திடறேன். நான் திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனியில கணக்கு எழுதறவன். ஊரார் கணக்கை எல்லாம் பைசா சுத்தமா எழுதறவன் சொந்தக் கணக்கை எழுதினதே இல்லை. 2021 ஆரம்பத்துல என் நிலைமை இதுதான்:

1. கிரெடிட் கார்டு பாக்கி: 92,000
2. மூணு வட்டிக்கு வாங்கின கைக்கடன்: 1,00,000
3. பைக் லோன்: மாசத் தவணை 5,167
4. தங்கமணியோட ஆறு பவுன் அடகுக்கடையில, ரெண்டு வட்டிக்கு: 80,000

சம்பளம் 28,000. வாடகை 5,500. மேல சொன்ன நாலுக்கும் சேத்து மாசம் 14,367 போயிடும். மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சத்துல நான், தங்கமணி, பொண்ணு, அம்மான்னு நாலு வயிறு.

சரி, பெரியவங்க சொன்னபடி சிக்கனம் பிடிச்சோம். டீ கட், மாசம் 600 மிச்சம். பேப்பர் கட், கேபிள் கட், ஞாயித்துக்கிழமை கறி கட். எல்லாம் சேத்து மாசம் 2,100 மிச்சம் ஆச்சு. எனக்கு ரொம்பப் பெருமை. ஒரு நோட்டு போட்டு, சிவப்பு மையில எழுதிக்கூட வெச்சேன்.

இப்ப அதே நோட்டுல நான் எழுதாம விட்ட பக்கத்தைப் பாருங்க. கார்டுக்கு மாசம் 3.5 சதவீதம் வட்டி, 3,220 ரூபா. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, இன்னொரு 580. ஆக 3,800. நான் கட்டினது 'மினிமம் டியூ' 4,600. அதாவது 4,600 ரூபாயை முழுங்கிட்டு கடன் 800 ரூபா குறையும். கைக்கடனுக்கு 3,000, நகைக்கு 1,600. இந்த ரெண்டுலயும் அசல் ஒரு ரூபா குறையாது. பைக்குக்கு வட்டி மட்டும் 1,000. மொத்தம் மாசம் 9,400 ரூபா, வெறும் வட்டி!

ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தறவனுக்கு, "கொஞ்சமாக் குடி, குடம் நிறையும்"னு புத்தி சொன்னா எப்படி இருக்கும்? வடை திங்காம 2,100 மிச்சம் பண்றேன், பின்வாசல் வழியா 9,400 போகுது. இதை எந்த சிக்கன சிகாமணியும் எனக்குச் சொல்லலை.

அதாவது பரவாயில்லைங்க. அடுத்த விஷயம் தான் என்னால இன்னைக்கும் ஜீரணிக்க முடியாதது.

சிக்கனம் சிக்கனம்கறோமே, அது யார் தட்டுல இருந்து குறையுதுன்னு யாராவது பாத்தோமா? எங்க வீட்டுல அரை லிட்டர் பால் கால் லிட்டர் ஆச்சு. எனக்கு காபி வந்துட்டே இருந்துச்சு, பொண்ணுக்கு டம்ளர்ல பால் வந்துட்டே இருந்துச்சு. அப்புறம் எப்படி பாதியாச்சுன்னு நான் கேக்கவே இல்லை. தங்கமணி காபியை விட்டு மாசக்கணக்காச்சுன்னு பொண்ணு சொல்லித்தான் தெரியும்.

அம்மா அதுக்கும் மேல. அவங்க பிரஷர் மாத்திரையை யாருக்கும் சொல்லாம ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பிச்சிருக்காங்க. "இவன் சிரமப்படறான், மாத்திரை டப்பா ரெண்டு மாசத்துக்கு வரட்டுமே"ன்னு. ஜூலை மாசம் ஒருநாள் காலையில குளியலறையில மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஒரு ராத்திரி தங்கல்னு 7,800 ரூபா. அதையும் அதே கார்டுல தான் தேச்சேன். டாக்டர், "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. எங்கம்மா டாக்டரைப் பாக்கலை, என்னைப் பாத்தாங்க. அந்தப் பார்வையில கோபம் இருந்திருந்தாக்கூட தாங்கியிருப்பேன். தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட குழந்தை மாதிரி பாத்தாங்க.

இந்த மொத்த சிக்கன காலத்துலயும் நான் கை வைக்காத ஒண்ணு இருந்துச்சு. என் பைக்! ஒரு லட்ச ரூபா பைக். அம்மா மாத்திரையை மிச்சம் பண்றாங்க, நான் பைக்குக்கு பாலிஷ் போடறேன். டீயை நிறுத்தச் சொல்ற ஒரு ஆளு கூட, "மொதல்ல அந்த பைக்கை வித்துத் தொலைடா"ன்னு சொல்லலை. ஏன்னா சொல்றவரும் ஒண்ணு வெச்சிருக்காரு.

அடுத்தது இந்த 'கூடுதல் வருமானம்'. சும்மா இருக்கற நேரமாம்! பனியன் கம்பெனியில ஷிப்மென்ட் நேரத்துல சும்மா இருக்கற நேரம்னு ஒண்ணு இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க. நான் பண்ணின முதல் முட்டாள்தனம், ஒரு சத்து மாவு வியாபாரத்துல சேந்தது. 9,000 கட்டி டப்பா வாங்கணும், நமக்குக் கீழ நாலு பேரைச் சேக்கணும். பெரிய மண்டபத்துல கூட்டம் போட்டு கை தட்டச் சொன்னாங்க. தட்டினேன். நாலு பேரைச் சேக்கறதுக்குள்ள நாப்பது பேரு என் போனை எடுக்கறதை நிறுத்திட்டாங்க. டப்பாவை எல்லாம் நாங்களே கரைச்சுக் குடிச்சோம். அதனால சொல்றேன், வேலை குடுக்கறேன்னு சொல்லிட்டு முதல்ல நம்மகிட்ட காசு கேக்கறவன் முதலாளி இல்லை, கடைக்காரன். அவன் விக்கறது நம்ம கஷ்டத்தை.

தங்கமணி என்னைவிட விவரம். பனியன் பிசிறு வெட்டற வேலையை வீட்டுக்கு வாங்கிட்டு வந்துட்டாங்க. பீசுக்கு ஒரு ரூபா கூடக் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு உக்காந்தா ஒரு மணி வரைக்கும். மாசம் 2,400 வரும். காலையில அஞ்சரைக்கு மறுபடி அடுப்பு. இதுக்குப் பேரு கூடுதல் வருமானமாம். கூடுதலா வந்தது இடுப்பு வலி. கைக்கடன் வட்டி மாசம் 3,000, இவங்க ராவெல்லாம் கண்ணு முழிச்சு சம்பாதிச்சது 2,400. ஒரு மனுசி ராத்திரித் தூக்கத்தை வித்தும் வட்டிக்காரருக்கு 600 பாக்கி!

அப்புறம் எப்படித்தான் அடைச்சேங்கறீங்களா? சொல்றேன். அதுவும் தங்கமணி கேட்ட ஒரே ஒரு கேள்வியில ஆரம்பிச்சது. அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்த ராத்திரி, "ஆறு பவுனுக்கு எண்பதாயிரம் தான் குடுப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. கணக்கு எழுதறவன் நான், கேள்வி கேட்டது அவங்க.

அடுத்த நாள் ஒரு பேங்க்குல விசாரிச்சேன். அன்னைக்கு விலைக்கு ஒன்றரை லட்சம் குடுக்கறோம்னாங்க. வட்டி வருஷத்துக்கு 9 சதவீதம். கவனிங்க, வருஷத்துக்கு! மச்சான்கிட்ட ஒரே ஒரு நாளைக்கு 80,000 கைமாத்து வாங்கி, அடகுக்கடையில நகையை மீட்டு, அதே கையோட பேங்க்குல வெச்சு, சாயங்காலம் மச்சான் காசை மச்சான்கிட்ட குடுத்துட்டேன். மீதி 70,000 நேரா கார்டுக்குப் போச்சு. பைக்கை 68,000க்கு வித்தேன். லோனை முடிக்க 45,000, மிச்சம் 23,000 கார்டுல இருந்த பாக்கிக்கு. இழுத்துக் கிடந்த ஏழெட்டாயிரத்தை அடுத்த சம்பளத்துல முடிச்சு, கார்டை ரெண்டா வெட்டி குப்பையில போட்டேன். ஆபீசுக்கு ஒரு பழைய எக்ஸெல். சிரிச்சவங்க சிரிச்சாங்க.

வட்டி மாசம் 9,400ல இருந்து 4,125க்கு இறங்கிடுச்சு. ஒரு டீ கூடக் குறைக்காம! தவணையும் மினிமம் டியூவும் போனதுல கையில காசு நின்னுச்சு. தங்கமணியோட பிசிறு மூட்டையை திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். பதிலுக்கு நான் சாயங்காலம் மூணு கடைக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டன் போட ஆரம்பிச்சேன். தெரிஞ்ச தொழில், முதல் போட வேண்டாம், மாசம் 4,000. அம்மா மாத்திரை, பால் எல்லாம் பழையபடி. கைக்கடன்காரர், "அசலை மொத்தமாத்தான் வாங்குவேன், பிச்சுப் பிச்சு வாங்க மாட்டேன்"னு முறைச்சாரு. அவருக்கு வட்டி வரவு நிக்குதேன்னு வருத்தம். நாலு பேரை வெச்சுப் பேசி பத்தாயிரம் பத்தாயிரமா முடிச்சோம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, 2023 ஜூன்ல நகை வீட்டுக்கு வந்துச்சு.

இப்ப சொல்லுங்க, என் கடனை அடைச்சது டீயா, வட்டியா?

"அப்ப செலவே குறைக்க வேணாங்கறியா?"ன்னு யாராவது கிளம்பி வருவீங்கன்னு தெரியும். குறைக்கணும் சாமி, கண்டிப்பா குறைக்கணும். ஆனா எதை? அந்த ஒரு லட்சம் கைக்கடன் எதுக்கு வாங்கினேன்னு கேக்கலையே நீங்க. தங்கச்சி பொண்ணு சீருக்கு. தாய்மாமன் நானு. மேளதாளத்தோட முப்பத்தொரு தட்டு, மண்டப வாசல்ல என் மூஞ்சியப் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ். மூணு வட்டிக்கு வாங்கின காசுல என் மூஞ்சி பத்தடி உயரத்துல சிரிக்குது! கடன் கதையெல்லாம் தெரிஞ்சப்புறம் தங்கச்சி அழுதுட்டே கேட்டா: "ஏண்ணா, நான் முப்பத்தொரு தட்டு கேட்டனா?" அவ கேக்கலை. ஊரும் கேக்கலை. நானாத்தான் குடுத்தேன். செலவைக் குறைக்கறதுன்னா அங்க குறைக்கணும். அதுல கை வெக்க நமக்கு மானம் தடுக்குது, டீ கிளாஸ்ல கை வெக்கறது சுலபமா இருக்கு.

இன்னொண்ணு. கடன்பட்டவனை மட்டும் குத்தவாளிக் கூண்டுல நிறுத்தறதே ஒரு தந்திரம்ங்க. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்தையும் தடுக்க தமிழ்நாட்டுல 2003லயே சட்டம் வந்தாச்சு. ஆனா 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயே ஒரு கூலித்தொழிலாளி, பொண்டாட்டி, ரெண்டு பச்சைக் குழந்தைங்கன்னு ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையில எரிஞ்சு போச்சு. அவங்க டீ குடிச்சதாலயா? கிரெடிட் கார்டுக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல வாங்கறது நியாயமில்லாத வியாபாரம்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல சொல்லுச்சு. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. 'ஃப்ளாட் 12 சதவீதம்'னு எனக்கு பைக் லோன் குடுத்தாங்களே, ஒரு லட்சத்துக்கு 24 மாசம் 5,167 கட்டினா நிஜமான வட்டி 21 சதவீதத்துக்கு மேல. கணக்கு எழுதறவனுக்கே அது அப்பத் தெரியலை. 2024 அக்டோபர்ல இருந்து மொத்தச் செலவையும் சேத்து வருஷ வட்டி எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும்னு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க. வசூலுக்கு போன் பண்றவங்க காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக்கூடாதுன்னும் ரிசர்வ் வங்கி 2022ல சொல்லியாச்சு. இதையெல்லாம் பந்தியில யாரும் சொல்றதில்லை. வடைக் கணக்கு மட்டும் சொல்வாங்க.

அதனால என் கட்சி இதுதான். கடன்ல இருக்கறவனைப் பாத்தா, "என்ன செலவு பண்றே?"ன்னு கேக்காதீங்க. "எவ்வளவு வட்டி கட்டறே?"ன்னு கேளுங்க. ரெண்டாவதா, "உன் வீட்டுல யாரு சாப்பாட்டைக் குறைச்சிருக்காங்க?"ன்னு கேளுங்க. அவனுக்கே தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியலை.

பி.கு: பந்திப் பெரியவர் கிளம்பறப்ப வெத்தலை போட்டுட்டே, "ஒரு சின்ன சீட்டு நடத்தறேன் தம்பி, சேந்துக்கறீங்களா?"ன்னாரு. வாங்க, டீ சாப்பிட்டுட்டே பேசலாம்னேன். ஆளைக் காணோம்.