பழகிப் போன மண்

அண்மையில் ஒரு கூட்டத்தில், படித்த நண்பர் ஒருவர் பேசினார். "இயற்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த மாறுதல் வந்தாலும் அது தன்னைப் பழக்கிக்கொள்ளும்" என்றார். பலத்த கைதட்டல். நான் தட்டவில்லை. அவரை அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு ஒரு தடவை பஸ்ஸில் அழைத்துப் போக வேண்டும் என்று தோன்றிற்று.

வழி நெடுகப் பச்சை தெரியும். நண்பர் பூரித்துப் போவார். அந்தப் பச்சை சீமைக் கருவேல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கென்று இந்நாட்டுக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கண்டத்து மரம். பின்னால் வேலிக்கும் வைத்தார்கள். வேலி பயிரை மேய்ந்தது. ஆடு அதன் இலையைத் தொடாது. காயை ஆசையாகத் தின்னும். விதை புழுக்கையோடு விழுந்த இடமெல்லாம் முளைக்கும். வேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகும். மழை பொய்த்தாலும் மரம் பொய்க்காது. கம்பும் குதிரைவாலியும் விளைந்த கரிசல் இதற்குப் பழகிவிட்டது. கண்மாய் பழகிவிட்டது. மனிதனும் கரிமூட்டம் போட்டுப் பழகிவிட்டான்.

ஐயா, இதற்குப் பெயர் சமாளிப்பு, வாழ்வு அல்ல.

சரி, மரம்தான் குற்றவாளியா? 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது, அரிவாளும் இயந்திரமுமாகப் பலர் கிளம்பினார்கள். குண்டாற்றுப் பக்கம் கரிமூட்டம் போடும் பெரியவர் ஒருவர் என்னிடம் சிரித்தார்: "வெட்டுனா நாலாத் துளுக்கும் தம்பி. வருசந் தவறாம உழுத காட்டுல இது நிக்குதான்னு பாருங்க."

அவர் சொன்னதுதான் விஷயம். மரம் நம்மைத் துரத்தவில்லை. நாம் விட்டுப் போன இடத்துக்கு வந்தது. வரத்துக்கால் தூர்ந்தது, கண்மாய் மேடாயிற்று, பிள்ளைகள் வேறு பிழைப்புக்குப் போனார்கள், காடு தரிசாயிற்று. ஆளில்லாத வீட்டில் குடியேறியவனை மட்டும் ஏசி என்ன பயன்?

வேரோடு தோண்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த வருஷமே வரத்துக்காலை வெட்டுங்கள், நிலத்தை உழுங்கள். அந்தப் பெரியவரின் அடுப்பு எரிவதும் இந்த மரத்தால்தான். அவருக்கு மாற்று வழியும் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றும் செய்யாமல் மரத்தை மட்டும் வெட்டுவது, முடி வெட்டிக்கொண்டால் தலைவலி போகும் என்பது போல.

இயற்கை பழகிக்கொள்ளும் என்பது மெய்தான். ஆனால் நம்மையும் கூட வைத்துக்கொண்டுதான் பழக வேண்டும் என்று அதற்கு ஒரு கட்டாயமும் இல்லை.