நின்றுபோன வாகனமும் நன்றியுள்ள உள்ளமும்

அக்கரப்பத்தனையிலும் டயகமவிலும் லிந்துலையிலும் சில வீடுகளின் முன்னால் ஒரு பழைய வேன் நிற்பதைக் காணலாம். தறப்பாள் போர்த்தப்பட்டிருக்கும், சக்கரங்கள் காற்றிழந்து மண்ணில் புதைந்திருக்கும், மலையின் மழையும் பனியும் அதன் தகட்டைத் தின்றிருக்கும். ஆயினும் சாரதி ஆசனத்திற்கு முன்னுள்ள கண்ணாடியில் செபமாலை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். இயந்திரம் நின்று ஆண்டுகள் பல கடந்திருக்கலாம். இருந்தும் அதனை விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் வீட்டில் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுகிறார், மற்றொருவர் கண் கலங்குகிறார், இளையவர்களோ, “பழைய இரும்புக்காக ஏன் இத்தனை கவலை?” என்று வியக்கிறார்கள். சிறியதாகத் தோன்றும் இக்கேள்வியை விசுவாசத்தின் ஒளியில் சிந்தித்துப் பார்ப்பது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும்.

முதலில் அந்தக் கண்ணீரை எள்ளி நகையாட வேண்டாம் என்று இளையவர்களைக் கேட்டுக்கொள்வோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று மக்களை எண்ணிக்கையால் பங்கிட்டது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் அண்டா குண்டாக்களையும் ஆடு மாடுகளையும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியுடன் தலைமன்னாரில் கப்பலேறின. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003இல்தான் சட்டம் முழுமையான தீர்வைத் தந்தது. வாழ்ந்த லயன் அறை தோட்டத்திற்குரியது; காலடி மண்ணும் தோட்டத்திற்குரியது. இத்தகைய வாழ்வில், வாகனப் பதிவுப் புத்தகத்தில் “உரிமையாளர்” என்ற சொல்லுக்கு எதிரே தந்தையின் பெயர் எழுதப்பட்ட நாள் சாதாரண நாளன்று. பல வீடுகளில் தம் பெயரில் ஒரு பெரிய உடைமை இருப்பதைக் காட்டிய முதற் பத்திரம் அதுவே. ஆகவே அந்த வேனுக்காகக் கலங்குபவர் இரும்புக்காகக் கலங்கவில்லை. தாம் தலைநிமிர்ந்த காலத்திற்காகவே கலங்குகிறார்.

மேலும், அந்த வாகனம் ஒரு குடும்பத்திற்கு மாத்திரம் ஓடியதன்று. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை லிந்துலைக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு சென்றது அதுதான். திருமணத்தன்று மணமகளையும், துக்க நாளில் உறவினர்களையும், பரீட்சை நாளில் பிள்ளைகளையும் சுமந்தது அதுதான். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டு மடுத் திருத்தலத்திற்கான பாதைகள் திறந்தபோது, ஆகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்காக இரவிரவாகச் செபமாலை சொல்லிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய வேன்கள் எத்தனை! கட்டணம் கொடுக்க இயலாதவரிடம் “பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று கூறி, அந்தப் “பிறகு” வராமலே போனாலும் முகம் கோணாத சாரதிகள் எத்தனை பேர்! நல்ல சமாரியர் காயமுற்றவனைத் தம் விலங்கின் மீது ஏற்றிச் சென்றதாக ஆண்டவர் இயேசு கூறினார். நம் மலைகளில் அந்த விலங்கின் பணியை இவ்வேன்கள் செய்தன.

இவ்வளவு சிறப்பு இருந்தும், அதனை விற்றுவிடுவதே நல்லது என்று கூறத் துணிகின்றோம். திருவிவிலியத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பாலைநிலத்தில் பாம்புக் கடிக்கு ஆளான மக்கள் நலம் பெறும்படி, ஆண்டவரின் கட்டளைப்படி மோசே வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்தார் (எண்ணிக்கை 21). அது இறைவனின் இரக்கத்திற்குக் கருவியாயிற்று. ஆனால் நூற்றாண்டுகள் கழிந்தபின் மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கினர். நேர்மையுள்ள அரசரான எசேக்கியா அதனை உடைத்துப்போட்டார் (2 அரசர்கள் 18). மோசேயின் கையால் செய்யப்பட்டது என்பதற்காக அவர் தயங்கவில்லை. அந்தக் கருவி தன் பணியை முடித்திருந்தது. அதன் வழியாகச் செயலாற்றிய ஆண்டவரோ மாறாதவராக இருந்தார். இரக்கத்திற்குக் கருவியாயிருந்த ஒரு பொருளை, பணி முடிந்த பின்னும் விடாமல் பற்றிக்கொண்டால் அது மெல்ல மெல்ல நம் மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துருவும் பூச்சியும் அழிக்கும் செல்வத்தைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்ததும் இதனால்தான்.

அவ்வாறாயின் நினைவுகளை என்ன செய்வது? அதற்கும் மறைநூலில் வழியுண்டு. யோர்தானைக் கடந்த இஸ்ரயேலர், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினார்கள் (யோசுவா 4). பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது பெற்றோர் வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். அவர்கள் ஆற்றைத் தூக்கிச் செல்லவில்லை. பன்னிரண்டு கற்களே போதுமாயிருந்தன. நாமும் முழு வேனையும் முற்றத்தில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் தொங்கிய செபமாலையையும், முன்னால் ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தையும், வேனின் முன் குடும்பமாக நின்று எடுத்த நிழற்படத்தையும் வீட்டுப் பீடத்தருகே வைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளை அதைப் பற்றிக் கேட்கும் நாளில் கதை சொல்ல ஆள் இருந்தால், நினைவு பிழைத்துக்கொள்ளும். கதை சொல்ல எவரும் இல்லையெனில் முற்றத்து வேனும் ஊமையே.

நம் திருச்சபையின் அண்மைக்கால வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1964 டிசெம்பரில் அனைத்துலக நற்கருணை மாநாட்டிற்காகப் பம்பாய் வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தம் பயன்பாட்டிற்கென அளிக்கப்பட்ட லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் பயணம் செய்யவில்லை. திருத்தந்தை தந்தது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கவும் இல்லை. அதனைக் குலுக்கல் சீட்டுக்குப் பரிசாக வைத்து, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளருக்கான சாந்தி நகர்ப் பணிக்கு அளித்தார். 2013 செப்டெம்பரில் இத்தாலியின் வெரோனா நகரப் புறப்பகுதியில் பணியாற்றிய குரு ஒருவர், தம்முடன் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் ஓடிய 1984ஆம் ஆண்டு ரெனோ காரைத் திருத்தந்தை பிரான்சிசுக்குக் கையளித்தார். அதே திருத்தந்தை 2014இல் பெத்லகேமில் பயன்படுத்திய வாகனம் காசாச் சிறுவர்களுக்கான நடமாடும் மருத்துவ நிலையமாக மாற்றப்படுகிறது என்ற செய்தி, அவர் இறைவனடி சேர்ந்த சில நாட்களில், 2025 மே மாதத்தில் வெளியாயிற்று. அன்புக்குரிய பொருளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அது இன்னும் ஒருவருக்கு உதவும்படி விடுவதே என்பதை இவர்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

நாம் எண்ணிப் பார்க்காத ஒன்றும் உண்டு. நம் நாட்டில் ஓடும் வேன்களில் பல, ஜப்பானில் எவரோ ஒருவர் பயன்படுத்தி விற்றவையே. முகமறியாத அந்தக் குடும்பம் தன் வண்டியைக் கைவிட மறுத்திருந்தால், நம் பிள்ளைகள் அதில் ஏறியிருக்க மாட்டார்கள்.

ஆனால் விற்பது என்று முடிவெடுத்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையில் பாவம் எளிதில் நுழைந்துகொள்ளும் என்று சீராக்கின் ஞானநூல் 27ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஓடாத வண்டிக்கு மேலே வர்ணம் பூசி, “சிறிய கோளாறுதான், மின்கலம் மாற்றினால் போதும்” என்று சொல்லி விற்பவர் தம் மனச்சாட்சியையும் சேர்த்தே விற்கிறார். நாம் மறைத்த குறையை நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் கொண்டுவருபவரும் ஒரு தொழிலாளியின் மகனாக இருக்கலாம். இயந்திரம் எந்நிலையில் உள்ளது, அடித்தகடு எங்கே துருப்பிடித்துள்ளது, குத்தகைக் கடன் ஏதும் எஞ்சியுள்ளதா என்பவற்றை வாங்குபவர் கேட்கும் முன்பே சொல்வது கிறிஸ்தவக் கடமை.

இன்னொரு சோதனை இதைவிடக் கொடியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை பழைய வாகனங்களின் விலை மிகவும் உயர்ந்திருந்ததை அறிவோம். வாகனத்தை விட்டுவிட்டு அதன் பதிவுப் புத்தகத்தையும் இலக்கத் தகட்டையும் மாத்திரம் நல்ல விலைக்குக் கேட்பவர்களும் உண்டு. செத்த வண்டியின் இலக்கத்தைக் களவு வண்டிக்கோ, சட்டத்திற்குப் புறம்பாகப் பொருத்திய வண்டிக்கோ அணிவிப்பதே இதன் சூழ்ச்சி. அதேபோல், திகதியிடாமல் கையொப்பம் இட்டுக் கொடுக்கும் “ஓப்பன் பேப்பர்” வழக்கமும் ஆபத்தானது. நாளை அவ்வாகனம் ஒருவரை மோதிவிட்டுத் தப்பிச் சென்றால், பொலிஸார் தேடி வருவது பதிவிலுள்ள பெயரையே. அந்தப் பெயர் வாழ்நாள் முழுவதும் நேர்மையாக உழைத்த நம் தந்தையின் பெயர்! உரிமை மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு முறைப்படி அறிவிக்கலாம். பாவனைக்கே உதவாததாயின் பதிவை நீக்கிக்கொள்ளவும் வழியுண்டு. ஆபிரகாம் சாராவுக்காக மக்பேலா நிலத்தை வாங்கியபோது, நகர வாயிலில் எல்லாரும் கேட்க 400 வெள்ளிக் காசுகளை நிறுத்துக் கொடுத்தார் (தொடக்க நூல் 23). மறைவில்லாத வியாபாரமே விசுவாசிகளின் வியாபாரம்.

ஓட்டத்திற்கு உதவாது என்று ஆகிவிட்டால் பாகங்களாகப் பிரித்து விற்பதில் இழிவேதுமில்லை. ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய துண்டுகளையும் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்ன ஆண்டவர், இன்னொரு வண்டியை ஓட வைக்கும் ஒரு கதவையோ பற்சக்கரத்தையோ அற்பமாக எண்ணமாட்டார். ஆனால் கழிவு எண்ணெயையும் மின்கலத்தின் அமிலத்தையும் ஓடையில் ஊற்றிவிடக் கூடாது. நம் மலையில் ஓடும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவோடு கலந்து மகாவலியைச் சேர்கிறது. நாட்டின் மிக நீண்ட நதிக்கு ஊற்றுக்கண்ணருகே வாழும் நாம் செய்வதைத் தாழ்நிலத்து உழவன் குடிக்கிறான். படைப்பைப் பேணுவது விசுவாச வாழ்வின் பகுதி என்று 2015இல் வெளியான “இறைவா உமக்கே புகழ்” என்னும் சுற்றுமடல் கற்பித்ததை இங்கு நினைவுகூர்வோம்.

கிடைக்கும் பணம் பெரிதாக இராது. ஆயினும் சிறு தொகையும் சகோதரரைப் பிரித்த கதைகள் நம்மிடையே உண்டு. தந்தையின் வேன் அனைவருக்கும் பொதுவானது. கணக்கும் பொதுவில் இருக்கட்டும். அத்தொகையில் ஒரு பகுதியை, அந்த வேன் செய்த பணியைத் தொடர்வதற்கு ஒதுக்குங்கள். வைத்தியசாலைக்குச் செல்ல முச்சக்கர வண்டிக்குக் காசில்லாத அயலவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அந்த வண்டியில் நீண்டகாலம் உடன் உழைத்தவர் ஒருவர் இருந்தால் அவரையும் மறவாதீர்கள். தராமல் போன கட்டணங்கள் எழுதப்பட்ட பழைய கொப்பி எங்காவது கிடந்தால், அதை அன்றே எரித்துவிடுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று சொல்ல வேண்டும். பயன் தீர்ந்ததை விட்டுவிடலாம் என்னும் நியாயம் பொருட்களுக்கு மாத்திரமே உரியது. மனிதருக்கு அது ஒருபோதும் பொருந்தாது. பொருட்கள் பயன்படுத்துவதற்கானவை, மனிதர் அன்புசெய்யப்படுவதற்குரியவர். சில வீடுகளில் வேனுக்குத் தறப்பாள் போட்டுக் காப்பவர்கள், அதனை ஓட்டிய முதியவர் அருகில் பத்து நிமிடம் அமர்வதில்லை. கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வளைந்த தாய், பேசத் துணையின்றி அடுப்படியில் இருக்கிறார். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் “வேனை விற்காதீர்கள்” என்று தொலைபேசியில் சொல்கிறார்கள்; “அப்பா எப்படி இருக்கிறார்?” என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். ஓடாத இரும்பின் மேல் நாம் காட்டும் இந்தப் பாசத்தில் பாதியையேனும் நடக்க இயலாத பெற்றோர் மேல் காட்டினால், நான்காம் கட்டளை நம் இல்லங்களில் உயிர்பெறும்.

ஆகவே, வாங்குபவர் வரும் முன் ஒரு மாலையைத் தெரிந்துகொள்ளுங்கள். வேன் வாங்கிய நாளில் குருவானவரை அழைத்து மந்திரித்தீர்கள் அல்லவா? அவ்வாறே விடைகொடுக்கும் நாளிலும் குடும்பமாகக் கூடிச் செபமாலை சொல்லுங்கள். அதன்பின் அப்பாவைப் பேச விடுங்கள். எந்த வளைவில் பிரேக் பிடிக்காமல் போயிற்று, எந்த இரவில் எந்தக் குழந்தை வழியிலேயே பிறந்தது, மடு வீதியில் எங்கே நின்று தேநீர் அருந்தினோம் என்பதையெல்லாம் அவர் சொல்லட்டும், இளையவர்கள் கேட்கட்டும். அந்த மாலை கொடுப்பதை எந்த விலையும் கொடுக்காது.

எங்களைப் பாதுகாத்து வழிநடத்திய ஆண்டவரே, நீர் தந்த கருவிக்காக நன்றி கூறுகின்றோம். அதை நேர்மையோடு கையளிக்கவும், அதனால் நீர் செய்த நன்மைகளை எங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கவும், எம்மைச் சுமந்த பெற்றோரை இறுதிவரை அன்போடு சுமக்கவும் எமக்கு அருள்தாரும். ஆமென்.